குபா துணி: வெல்வெட் சதுரமா, நீளப் பாவாடையா, வெட்டின துண்டா, எதை எடுக்கலாம்?

ரூம்ல என்கூட இருக்குற அண்ணன் ஆறு வருஷம் காங்கோ தலைநகர் கின்ஷாசால வேலை பார்த்து முடிச்சுட்டு அடுத்த மாசம் ஒரேடியா ஊருக்குக் கிளம்புறார். போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கறப்ப, "தம்பி, இந்த நாட்டு ஞாபகமா ஹால் சுவத்துல மாட்டுற மாதிரி ஒண்ணு வேணும், ஒண்ணே ஒண்ணு, ஆனா உருப்படியா இருக்கணும், நீதான் அந்த குபா துணி பின்னாடியே சுத்துற, எதை எடுக்கலாம் சொல்லு"ன்னு கேட்டார். ஒரு வரில பதில் சொல்ல முடியல. ரெண்டு நாள் யோசிச்சு அவர்கிட்ட சொன்னதையெல்லாம் இங்க எழுதுறேன், ஏன்னா கடை, குடோன், ஃபேக்டரின்னு இங்க இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஊருக்குப் போறப்ப இதே கேள்விதான் கேக்குறாங்க, கேட்டுட்டு கடைசில ஏர்போர்ட் போற வழில எதையோ ஒண்ணை அவசரத்துல வாங்கிட்டுப் போறாங்க.

முதல்ல குபான்னா யாருன்னு ரெண்டு வார்த்தை. காங்கோவோட நடுவுல, கஸாய், சங்குரு, லுலுவா ஆறுகளுக்கு இடையில இருக்குற பழைய ராஜ்ஜியம் அது. 17, 18 குழுக்கள் ஒரே ராஜாவுக்குக் கீழ, அதுல புஷோங் ஆளுங்கதான் ராஜ வம்சம், துணி வேலைல பேர் வாங்குனவங்க ஷோவா, ங்கேண்டே மாதிரி குழுக்கள். ராஜாவை ன்யிம்னு சொல்வாங்க, தலைநகர் ன்ஷெங், மேப்ல முஷெங்கேன்னு இருக்கும். 17ஆம் நூற்றாண்டுல ஷ்யாம்னு ஒரு ராஜா, வெளியூரெல்லாம் சுத்தி நிறைய வித்தைகளைக் கத்துட்டு வந்தவர், இந்த ராஃபியா வேலையையும் அவர்தான் கொண்டு வந்தார்னு அவங்க வாய்வழிக் கதை சொல்லுது. ராஜா இன்னைக்கும் இருக்கார், அந்த ஊரும் இருக்கு, துணியும் இன்னும் நெய்யுறாங்க, அதனால மியூசியத்துல மட்டும் இருக்குற செத்துப்போன கலைன்னு நினைச்சிடாதீங்க.

எந்த வகை வாங்கினாலும் அடியில இருக்குற துணி ஒண்ணுதான், அதை முதல்ல புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும். ராஃபியா ஒரு பனை சாதி மரம். ஆனா ஓலை நம்ம பனை மாதிரி விசிறியா இருக்காது, தென்னை மாதிரி நீளமா கீத்து கீத்தா இருக்கும். இளம் ஓலையை வெட்டி, தோலை உரிச்சு, விரலாலயே சீவிச் சீவி மெல்லிசு நாரா எடுப்பாங்க. இந்த நாரை நூலா திரிக்கறது கிடையாது, ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு நீட்டறதும் கிடையாது, அப்படியே தறில ஏத்திடுவாங்க. அதனால ஓலைல ஒரு கீத்து எவ்வளவு நீளமோ துணியும் அவ்வளவுதான் வரும், ரெண்டு அடி, ரெண்டரை அடி, ரொம்பப் பெருசுன்னா மூணு அடி சதுரம். குபா துணி எல்லாம் ஏன் சதுரம் சதுரமா இருக்கு, பெருசா இருந்தா ஏன் ஒட்டுத் தையல் இருக்குன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் காரணம், ஒட்டு இருக்கறது குறை இல்ல. நெய்யுறது ஆம்பளைங்க, சாய்வா நிக்கிற தறில. தறியை விட்டு வர்றப்ப கோணி மாதிரி மொரமொரன்னு இருக்கும், அதைத் தண்ணில நனைச்சு உரல்ல போட்டுக் குத்திக் கையால கசக்கி மெதுவாக்குறாங்க. பூ வேலையே போடாத இந்த வெறும் சதுரம்கூட சும்மா இல்ல, ஒரு காலத்துல அதுதான் காசு, கல்யாணத்துல பொண்ணு வீட்டுக்குக் கொடுக்கறது, பஞ்சாயத்துல அபராதம் கட்டறது, ராஜாவுக்குக் கப்பம், எல்லாம் இந்தத் துணியிலதான் நடந்துச்சு.

இப்ப முதல் சாய்ஸ், வெல்வெட் சதுரம். இதைத்தான் கடைக்காரங்க கஸாய் வெல்வெட்னு சொல்வாங்க, ஷோவா துணின்னும் சொல்வாங்க. ஷோவா ஆளுங்க மட்டும்தான் செய்யுறாங்கன்னு இல்ல, ஆனா அந்தப் பேர் நின்னுடுச்சு.

இது எப்படி செய்யுறாங்கன்னு நான் இங்க கஸாய்லேர்ந்து வந்த ஒரு மாமாகிட்ட உக்காந்து பார்த்தேன் (இங்க வயசுல பெரிய பொம்பளைங்களை மரியாதையா மாமான்னுதான் கூப்பிடணும், அம்மான்னு அர்த்தம், வந்த புதுசுல நம்ம வாய்க்கு வரவே வராது). மடியில துணி, இடது கையில துணிக்கு அடியில ரெண்டு விரல், வலது கையில ஊசியும் ஒரு சின்னக் கத்தியும் ஒண்ணா, கத்தியைக் கீழ வைக்கறதே இல்ல. ஒரே ஒரு நாரை ஊசில கோத்து, அடித்துணியோட ஒரு இழைக்குக் கீழ விட்டு மேல எடுக்குறாங்க, நாரை இழுத்து நுனி ஒரு ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளிய தெரியுற வரைக்கும் கொண்டு வந்து, மறுபக்கத்தையும் அதே உயரத்துல கத்தியால சரக்குனு அறுக்குறாங்க. அவ்வளவுதான் ஒரு தையல். முடிச்சு இல்ல, பசை இல்ல, அடித்துணியோட இறுக்கம்தான் அந்த நாரைப் பிடிச்சு வச்சிருக்கு. அடுத்த தையல் அதுக்குப் பக்கத்துல, அடுத்தது அதுக்குப் பக்கத்துல, இப்படியே. கத்தி வாயால நுனியை லேசா தேச்சு விடுறப்ப நார் பூ மாதிரி விரிஞ்சு வெல்வெட் ஆகுது. நான் அரை மணி நேரம் இருந்தேன், என் கட்டை விரல் நகத்தளவு இடம்தான் நிரம்புச்சு. வயல் வேலை, சமையல், புள்ளைங்க எல்லாம் பார்த்துட்டு நடுவுல கிடைக்குற நேரத்துல செய்யுறது, ஒரு சதுரம் மாசக்கணக்குல போகும்னு அவங்க சொன்னது எனக்கு ஆச்சரியமாவே இல்ல.

அதைவிட முக்கியமான விஷயம், துணில எந்த வரைபடமும் கிடையாது. பென்சில் கோடு இல்ல, கரிக்கோடு இல்ல, பக்கத்துல வச்சுப் பாக்குற மாதிரித் துணியும் இல்ல. முதல்ல கோட்டுத் தையல்ல டிசைனோட எலும்பை இழுத்துட்டு, அப்புறம் உள்ள வெல்வெட்டை நிரப்புறாங்க, எல்லாம் மனசுலேர்ந்து வருது. அதனால ஒரு மூலைல ஒரு மாதிரி தொடங்குற கட்டம் நடுவுல வர்றப்ப பெருசாகும், திடீர்னு வேற டிசைனா மாறிடும், நாலு வரி கழிச்சு பழையபடி திரும்பும். புதுசா பாக்குறவங்க இதைத் தப்புன்னு நினைக்குறாங்க, தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க, அந்த மாறுற இடம்தான் அந்தத் துணியோட உயிர். என்னைக் கேட்டா முழுக்க ஒரே அளவுல ஸ்கேல் வச்ச மாதிரி இருக்குற துணியைவிட இப்படி மனசு மாறின துணியைத்தான் எடுக்கச் சொல்வேன்.

டிசைனுக்கெல்லாம் பேர் உண்டு, 200க்கு மேல பேர் வச்ச டிசைன்கள் பதிவாகியிருக்கு. பின்னிப் பின்னிப் போற முடிச்சு மாதிரி ஒண்ணு, அதுக்கு 'வூட்'ங்கிற அவங்க முதல் மூதாதையோட பேர். ஆமை ஓடு, நாய் வால்னு இன்னும் எத்தனையோ. ஒரே டிசைனுக்கு புஷோங் ஆளு ஒரு பேர் சொல்வார், ஷோவா பொண்ணு வேற பேர் சொல்லும், ஏன்னா எந்தத் துண்டு முக்கியம்னு அவங்கவங்க கண்ணுக்குப் படுதோ அதை வச்சுதான் பேர். அதனால கடைக்காரர் "இது ராஜ ரகசியச் சின்னம், இதுக்கு இந்த அர்த்தம்"னு பெரிய கதையா விட்டா அதுக்காகக் கூடுதலா காசு கொடுக்க வேண்டாம். புது ராஜா பட்டத்துக்கு வந்தா தன் பேர்ல புது டிசைன் ஒண்ணு உருவாக்கணும்னு அங்க வழக்கம். 1920கள்ல மிஷனரிங்க ராஜாவுக்குக் காட்டறதுக்காக மோட்டார் சைக்கிள் கொண்டு போனாங்களாம், ராஜா வண்டியைக் கண்டுக்கவே இல்ல, மணல்ல விழுந்த டயர் தடத்தைப் பார்த்துதான் அசந்து போயிட்டார், அதையே காப்பி எடுத்துத் தன் பேர்ல டிசைனா வச்சுக்கிட்டார்னு சொல்வாங்க. அந்த ஊர்ல கண்ணு எதைத் தேடுதுன்னு காட்டறதுக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

கணக்கு ஆளுங்களும் இதுல கை வச்சிருக்காங்க. டொனால்ட் க்ரோவ்னு ஒரு கணித ஆசிரியர் 1971ல குபா டிசைன்களை எடுத்து ஆராய்ஞ்சார், ஒரு பட்டையில ஒரு உருவத்தைத் திருப்பித் திருப்பிப் போட மொத்தமே 7 வழிதான் இருக்கு, அந்த ஏழும் குபா வேலைல இருக்கு, பரப்புல போட 17 வழி, அதுல 12 இருக்கு. பள்ளிக்கூடம் போகாத ஆளுங்க விரலாலயே கண்டுபிடிச்சது. இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்கு நெருக்கமான விஷயம், 1900களோட தொடக்கத்துல எமில் டோர்டேன்னு ஒரு ஹங்கேரிக்காரர் அங்க போனப்ப, புஷோங் பசங்க மணல்ல கையை எடுக்காம ஒரே கோட்டுல சிக்கலான படம் போட்டுக் காட்டி, நீ போடுன்னு அவர்கிட்ட சவால் விட்டுருக்காங்க. நம்ம வாசல்ல போடுற கம்பிக் கோலத்தோட ஆப்பிரிக்க மணல் கோடுகளை ஒப்பிட்டு ஆராய்ச்சியே நடந்திருக்கு. அதனாலயோ என்னவோ, நம்ம வீட்டுப் பொம்பளைங்க கையில இந்தத் துணியைக் கொடுத்தா முதல் வேலையா விரலால அந்தக் கோட்டைத் தொடர்ந்து போவாங்க, எங்க முடியுதுன்னு பாக்க.

ரெண்டாவது சாய்ஸ், நீளப் பாவாடை. பொம்பளைங்க கட்டறதுக்கு ன்ச்சாக்னு பேர், ஆம்பளைங்க கட்டறது மாப்பெல். நம்ம புடவை அஞ்சரை மீட்டர்னா இது ஆறு, ஏழு மீட்டர்கூட வரும், இடுப்பைச் சுத்திச் சுத்திக் கட்டி பெல்ட் போட்டுக்குவாங்க. ஓலை நீளச் சதுரங்களை வரிசையா ஒட்டித் தைச்சதுதான் இது. இதுல பொதுவா வெல்வெட் இருக்காது, ஒட்டு வேலைதான், அதாவது துணித்துண்டை இங்கிலீஷ் L எழுத்து மாதிரி, வட்டமா, வளைஞ்ச வால் மாதிரி வெட்டி மேல வச்சுத் தைக்கிறது. உரல்ல குத்துறப்ப துணில ஓட்டை விழும், அந்த ஓட்டையை மறைக்க வச்ச ஒட்டுலேர்ந்துதான் இந்த டிசைனே பொறந்ததுன்னு சொல்றாங்க. பார்த்தா நம்பத் தோணும், ஏன்னா அந்த உருவங்க வரிசையே பிடிக்காது, ஒரு இடத்துல கூட்டமா நிக்கும், அப்புறம் ரெண்டடிக்கு வெறும் துணி, அப்புறம் ஒண்ணே ஒண்ணு தனியா.

ஓவியர் மத்தீஸ் வீட்டுச் சுவத்துல குபா துணிகளை மாட்டி வச்சிருந்தார், 1940கள்ல எடுத்த ஃபோட்டோவுல தெரியும், அவரோட கடைசிக் காலத்துக் காகித வெட்டு ஓவியங்களைப் பார்த்துட்டு இந்தத் துணியைப் பார்த்தீங்கன்னா ஏன் மாட்டி வச்சிருந்தார்னு நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா இந்தப் பாவாடையை நான் முதல்ல சிபாரிசு பண்ண மாட்டேன், அழகு கம்மின்னு இல்ல. இது ஒரு ஆளோட துணி இல்ல. தாய்வழிக் குடும்பத்துப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு சதுரம்னு எடுத்து வருஷக்கணக்குல செஞ்சு, அப்புறம் ஒட்டித் தைச்சு, குடும்பத்துக்கே பொதுச் சொத்தா பெட்டில வைக்கிறது. அது வெளிய வர்ற முக்கியமான சமயம் சாவு. இறந்தவங்களை அடுக்கடுக்கா ராஃபியா துணி கட்டி அலங்காரம் பண்ணி எல்லாரும் பாக்குற மாதிரி உக்கார வைப்பாங்க, அப்புறம் அந்தத் துணியோடவே புதைச்சிடுவாங்க. அந்தத் துணி இல்லாம போனா முன்னாடி போன பெரியவங்களுக்கு அங்க அடையாளம் தெரியாதுன்னு நம்பிக்கை. வாழ்ந்த காலமெல்லாம் கோட்டு சூட்டு போட்ட ஆளா இருந்தாலும் சரி, ராஃபியா இல்லாம புதைச்சா அம்மணமா அனுப்பின மாதிரி. ஒரு வீட்டுல இருக்குற நல்ல பாவாடை சந்தைக்கு வருதுன்னா ஆஸ்பத்திரிச் செலவோ ஸ்கூல் ஃபீஸோ ஏதோ ஒண்ணு அவங்க கழுத்தைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். வாங்கவே கூடாதுன்னு சொல்லல, விக்கறது அவங்க உரிமை, காசு அவங்களுக்குத் தேவை. ஆனா வாங்குறவங்க முழுசா வாங்கணும், முழுசா வச்சுக்கணும், அடுத்த தலைமுறைக்கு இது என்னன்னு சொல்லிக் கொடுக்கணும். அதுக்கு இடமும் மனசும் இருந்தா மட்டும் எடுங்க. ஆறு மீட்டர் துணியை விரிச்சு மாட்ட நம்ம வீட்டு ஹால்ல சுவரே இருக்காது, மாடிப்படிச் சுவர் நீளமா இருந்தா அழகா இருக்கும்.

இதுலேர்ந்துதான் மூணாவது சாய்ஸ் வருது, கடைல அதிகமா தள்ளிவிடுறதும் இதைத்தான். நீளப் பாவாடையை ரெண்டடி ரெண்டடியா கத்தரிச்சு, ஃப்ரேம் போட்டு, "பழைய குபா பீஸ்"னு விக்கிறது. பாக்க ரொம்ப நல்லா இருக்கும், சுவத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும், பெட்டில ஈஸியா போகும், விலையும் முழுப் பாவாடையைவிடக் கம்மி. வாங்காதீங்க. அந்த ஒட்டு உருவங்க கூட்டமா வந்து, விலகி, திரும்ப வர்றது முழு நீளத்துல நடக்குற விஷயம், துண்டு போட்டா அது வெறும் டிசைன் ஆயிடும். நாலு பொம்பளைங்களோட கை ஒரு துணில இருந்துச்சு, வெட்டினதுக்கு அப்புறம் யாரோட கை எங்க முடிஞ்சு யாரோடது தொடங்குச்சுன்னு யாருக்குமே தெரியாது. ஒருத்தர் துண்டு வாங்கினா மிச்சத் துண்டுகளும் வித்துடும், அடுத்த முழுப் பாவாடைக்கும் கத்தரி தயாராயிடும். எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா ஓரத்தைப் பாருங்க. முழுசா செஞ்ச துணில நாலு பக்கமும் மடிச்சுத் தைச்ச விளிம்பு இருக்கும், இல்ல தனி பார்டர் இருக்கும், வெட்டினதுல ரெண்டு பக்கமாவது ஒட்டு உருவம் பாதில அறுந்து நிக்கும். ஃப்ரேம் போட்டு ஓரத்தை மறைச்சிருந்தா கழட்டிக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா வந்துடுங்க.

காட்டன்ல குபா டிசைன் பிரிண்ட் போட்ட குஷன் கவர், பெட்ஷீட் எல்லாம் நாலாவது. துவைக்கலாம், புள்ளைங்க உருளலாம், அதுக்கு அது சரி. அண்ணன் கேட்டது அது இல்ல, அதனால விட்டுடுறேன்.

ஆக நிஜமான போட்டி வெல்வெட் சதுரத்துக்குள்ளதான், பழசா புதுசான்னு. நிறைய பேர் பழசுன்னாதான் மதிப்புன்னு போறாங்க. பழசுல நல்லது நிச்சயமா ஒரு தனி ரகம், நார் தலைமுடி மாதிரி மெல்லிசு, வெல்வெட் தொட்டா ஈரம் இல்லாத பாசி மாதிரி இருக்கும், சாயம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கிடக்கும். சிவப்புக்குத் துகுலான்னு ஒரு மரத்தோட உள்கட்டையை அரைச்ச பொடி, உடம்புல பூசுறதுக்கும் அதேதான், நம்ம மஞ்சள் மாதிரி எல்லா நல்லது கெட்டதுலயும் இருக்கும். மஞ்சள் நிறம் ஒரு மரத்து வேர்லேர்ந்து, கறுப்பு கரி, சேறு இதுலேர்ந்து. ஆனா அந்த மாதிரி நிஜப் பழசு பெரும்பாலும் நாட்டை விட்டுப் போயிடுச்சு. வில்லியம் ஷெப்பர்ட்னு ஒரு கறுப்பின அமெரிக்க மிஷனரி 1892லயே ன்ஷெங் போய்ச் சேர்த்தது வர்ஜீனியால ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்துல இருக்கு, டோர்டே சேர்த்தது பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இங்க சந்தைல "நூறு வருஷம் பழசு"ன்னு சொல்றதுல நிறைய, புகைல காட்டினதும் டீத்தண்ணில முக்கினதும்தான்.

அதனால வயசைக் கேக்காதீங்க, வேலையைப் பாருங்க. நான் பாக்குற முறையைச் சொல்றேன். முதல்ல துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாக்குறது, அடித்துணி நெருக்கமா, இழை நேரா இருக்கணும், சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தா வெல்வெட் நிக்காது. அப்புறம் முன்பக்கம் வெல்வெட்டை நகத்தால லேசா விலக்கிப் பாக்கணும், அடித்துணி பளிச்சுனு தெரிஞ்சா தையல் தூரம் தூரமா போட்டிருக்காங்க, அவசர வேலை. உள்ளங்கையால ஒரே பக்கமா நாலு தடவை தடவுங்க, ஒண்ணு ரெண்டு நார் வர்றது சகஜம், கை நிறைய வந்தா வேண்டாம். பழசுன்னு சொன்னா நிறத்தைப் பாருங்க, நிஜப் பழசுல வெளிச்சம் பட்ட முன்பக்கம் வெளுத்திருக்கும், நாரை விலக்கினா அடிவேர்ல நிறம் இன்னும் ஆழமா இருக்கும். டீல முக்கினதுல எல்லா இடமும் ஒரே அழுக்கு நிறம். மோந்தும் பாருங்க, புகை வாசனை தூக்கலா இருந்தா சமீபத்துல காட்டினது.

அண்ணனைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை காலைலயே அந்த மாமாகிட்ட போனேன். இங்க பேசுற லிங்காலா மொழில விலை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு "ந்தாலோ போனி?"னு சொல்லணும், நாங்க கேட்டதுதான் அன்னைக்கு அவங்களுக்கு நிஜமாவே போனி. ரெண்டு துணி எடுத்துப் போட்டாங்க. ஒண்ணு பழசு, ஒரு மூலைல எலியோ பூச்சியோ கடிச்ச ஓட்டை, வெல்வெட் சில இடத்துல தேஞ்சு கோட்டுத் தையல் மட்டும் நிக்குது, ஆனா அந்தச் சிவப்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியல. இன்னொண்ணு புதுசு, அவங்க அக்கா பொண்ணு செஞ்சது, கறுப்பும் வெளிர் மஞ்சளும், சாய்சதுரக் கட்டத்துக்குள்ள கட்டம், கீழ் வலது மூலைல மட்டும் கட்டமெல்லாம் சாஞ்சு பின்னல் மாதிரி மாறி ஓடுது. பழசு புதுசைவிடப் பல மடங்கு விலை. அண்ணன் ரொம்ப நேரம் அந்த மூலையையே பார்த்துட்டு, "தம்பி, இங்க கணக்கு தப்பிடுச்சோ?"ன்னார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். மாமா அந்த இடத்துல விரலை வச்சு, இங்க வர்றப்பதான் அவளுக்கு ரெண்டாவது புள்ளை பொறந்துச்சு, மூணு மாசம் துணியைத் தொடல, திரும்ப எடுத்தப்ப கை வேற பக்கம் போகணும்னு கேட்டுச்சு, அப்படியே விட்டுட்டாளாம். அண்ணன் அதுக்கு மேல பழசு பக்கம் திரும்பவே இல்ல.

பேரம் பேசுறதைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பேசுங்க, இங்க பேசாம வாங்கினா அவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆனா புதுத் துணில, அதுவும் செஞ்ச கைக்கே நேரா காசு போகுதுன்னா, பாதில ஆரம்பிக்காதீங்க. அந்த நகத்தளவு அரை மணி நேரத்தை நினைச்சுக்குங்க. புதுசு வாங்கறதுக்கு என்னோட பெரிய காரணமே இதுதான், பழசுக்குக் கொடுக்குற காசு கை மாறிக் கை மாறி வியாபாரிங்களுக்குள்ளயே சுத்துது, புதுசுக்குக் கொடுக்குற காசு அடுத்த துணியைப் பிறக்க வைக்குது. நல்ல விலை கிடைச்சாதான் அந்தப் பொண்ணு மெல்லிசு நார் சீவும், இல்லன்னா அடுத்த தடவை தடி நார்ல தூரத் தையல் போட்டு ஒரு வாரத்துல முடிச்சுக் கொடுத்துடும். அப்படிப்பட்டதுங்கதான் இப்ப சந்தைல குவிஞ்சு கிடக்கு, அதுக்கு அவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

யாருக்கு எதுன்னு கேட்டா, ஒரே ஒரு பீஸ், ஹால் சுவர், நடுத்தர பட்ஜெட்னா கண்ணை மூடிக்கிட்டு நெருக்கத் தையல் போட்ட புது வெல்வெட் சதுரம். கையில காசு இருக்கு, துணியைப் பத்தித் தெரியும், வெயில் படாத இடம் இருக்குன்னா பழைய வெல்வெட், ஓட்டை இருந்தாலும் பரவாயில்ல, ஓட்டையை அடைக்கச் சொல்லிக் கொடுக்காதீங்க. நீளச் சுவரும் பொறுப்பா வச்சுக்குற மனசும் இருந்தா முழுப் பாவாடை. வெட்டின துண்டு யாருக்கும் வேண்டாம். காசு ரொம்பக் கம்மியா இருந்தா பூ வேலை போடாத வெறும் ராஃபியா சதுரம் ஒண்ணு எடுங்க, அது மலிவு, தொட்டுப் பார்க்கவே நல்லா இருக்கும், ஒரு ராஜ்ஜியத்தோட காசா ஓடின துணின்னு புள்ளைங்களுக்குச் சொல்லலாம்.

எடுத்துட்டுப் போறப்ப மடிக்காதீங்க, மடிப்புல நார் ஒடிஞ்சு கோடு விழுந்துடும், அப்புறம் போகாது. வெல்வெட் பக்கம் வெளிய வர்ற மாதிரி தடியான அட்டைக் குழாய்ல சுருட்டி, மேல பழைய வெள்ளைக் காட்டன் துணி சுத்துங்க, பிளாஸ்டிக் வேண்டாம், ஈரம் உள்ளயே நின்னு பூஞ்சை பிடிக்கும். சிவப்புத் துணின்னா துகுலாப் பொடி மத்த துணில ஒட்டும், வெள்ளை வேட்டி சட்டையோட ஒண்ணா வைக்காதீங்க. வீட்டுக்குப் போய்த் துவைக்கக் கூடாது, அயர்ன் பண்ணக் கூடாது, ஆணி அடிக்கவே கூடாது. பின்னாடி ஒரு காட்டன் துணி வச்சு மேல் ஓரத்துல குழல் மாதிரி தைச்சு, அதுக்குள்ள ஒரு கம்பு விட்டுத் தொங்க விடுங்க, பாரம் ஒரே இடத்துல இழுக்காது. மழைக்காலத்துல ஓதம் ஏறுற சுவர் வேண்டாம், நேரா வெயில் விழுற சுவரும் வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை கழட்டி நிழல்ல ஆற விட்டு, பின்பக்கம் பூச்சி இருக்கான்னு பார்த்துட்டு மாட்டினா போதும்.

நேத்து ராத்திரி அண்ணன் அதைக் கட்டில்ல விரிச்சு வச்சு, சுத்திச் சுத்தி வந்து, எந்தப் பக்கம் மேல வரணும்னு கேட்டார். இந்தத் துணிக்கு மேல் கீழ் கிடையாதுண்ணே, மடியில வச்சுத் திருப்பித் திருப்பிச் செஞ்சதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்தப் புள்ளை பொறந்த மூலை கண்ணு மட்டத்துக்கு வர்ற மாதிரி மாட்டிக்கிறேன்னு சொல்லிட்டு, வெல்வெட் வெளிய தெரியுற மாதிரி பார்த்துப் பார்த்து சுருட்ட ஆரம்பிச்சார்.